திறந்த மூளையின் மேல் ஒரு கேமரா: கைக்கான இடத்தை அது எப்படிக் காட்டுகிறது, எங்கே ஏமாற்றுகிறது

கேள்வி இது: மூளைக் கட்டியை எடுக்க மண்டையோட்டைத் திறந்த பிறகு, மைக்ரோஸ்கோப்பில் மாட்டிய ஒரு கேமராவை வைத்தே கைக்கான இடம், பேச்சுக்கான இடம் ஆகியவற்றைக் கண்டுபிடிக்கலாம் என்கிறார்கள். அது எப்படி நடக்கிறது? என்னென்ன வேண்டும்? எலெக்ட்ரோடால் தொட்டு மின்சாரம் கொடுத்துத் தேடும் முறை இனி தேவைப்படாதா?

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: தேவைப்படும். கேமரா பார்ப்பது நரம்பணுக்களை அல்ல, அவை வேலை செய்யும்போது அங்கே ஓடிவரும் ரத்தத்தை. இந்த முறையின் பலமும் அதில் நேரும் தவறுகளும் இந்த ஒன்றிலிருந்துதான் கிளைக்கின்றன. எலெக்ட்ரோடை எங்கே வைத்துத் தேடத் தொடங்கலாம் என்று சொல்ல கேமரா நல்ல துணை. எதை வெட்டலாம் என்று முடிவுசெய்ய அது மட்டும் போதாது.

மூளையின் ஒரு பகுதி வேலை செய்தால் அங்கே ரத்த ஓட்டம் கூடும் என்ற கருத்து பழையது. 1890-இல் ராயும் ஷெரிங்டனும் அதை எழுதிவிட்டார்கள். மூளை வேலை செய்வதைப் படமெடுக்கும் எஃப்எம்ஆர்ஐ ஸ்கேனும் அதன் மேல்தான் நிற்கிறது. 1986-இல் கிரின்வால்ட் குழு, விலங்குகளின் பார்வைப் புறணியில் (புறணி என்பது மூளையின் வெளி அடுக்கு) எந்தச் சாயமும் பூசாமல், திரும்பிவரும் ஒளியின் மாற்றத்தை மட்டும் வைத்தே எந்தப் பகுதி வேலை செய்கிறது என்று காட்டியது. 1992-இல் சியாட்டிலின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஹாக்லண்ட், ஓஜ்மன், ஹாக்மன் மூவரும் இதையே மனித மூளையில், அறுவை நடக்கும்போதே செய்தார்கள். பிறகு அமெரிக்காவின் யுசிஎல்ஏ பல்கலைக்கழகத்தில் டோகாவின் குழுவும், ஜெர்மனியில் டிரெஸ்டன் குழுவும், பிரான்ஸில் லியோன் குழுவும் இதை அறுவை அறைக்குள் பழக்கப்படுத்தின. இன்றும் பெரும்பாலும் ஆய்வாகவே நடக்கிறது.

இனி அடிப்படைக்கு வருவோம். ஆக்சிஜன் ஏற்றிய ஹீமோகுளோபின் பளிச்சென்ற சிவப்பு. ஆக்சிஜனை இறக்கியது கருஞ்சிவப்பு. 630 நானோமீட்டர் சிவப்பு ஒளியை ஆக்சிஜன் இறக்கிய ஹீமோகுளோபின் மற்றதைவிடச் சுமார் எட்டு மடங்கு அதிகமாக உறிஞ்சும். 570 நானோமீட்டரை ஒட்டிய பச்சை மஞ்சளிலோ இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு உறிஞ்சும். எனவே 570-ஐ ஒட்டிப் பார்த்தால் தெரிவது அங்கே மொத்தம் எவ்வளவு ரத்தம் இருக்கிறது என்பது. 610, 630-இல் பார்த்தால் தெரிவது பெரும்பாலும் ஆக்சிஜன் நிலை. யுசிஎல்ஏ குழு 610-ஐ எடுத்துக்கொண்டதும், டிரெஸ்டன் குழு 568-ஐ எடுத்துக்கொண்டதும் இந்த வேறுபாட்டால்தான்.

ஒரு நோயாளியின் மணிக்கட்டில் நரம்பைத் தூண்டுகிறோம் என்று வையுங்கள். அரை விநாடி, ஒரு விநாடிக்குள் கைக்கான புறணியில் நுண்குழாய்கள் விரியத் தொடங்கும். மூன்று முதல் ஆறு விநாடிக்குள் மாற்றம் உச்சத்தை எட்டும். தேவைக்கு மேல் புது ரத்தம் வருவதால், பழைய கருஞ்சிவப்பு ரத்தம் அடித்துச் செல்லப்படும். விளைவாக, அதே இடம் பச்சை ஒளியில் கொஞ்சம் இருளும், சிவப்பு ஒளியில் கொஞ்சம் வெளிறும். இந்த எதிரெதிர் திசை மிகவும் பயனுள்ளது. நிழல் விழுந்தாலோ, விளக்கு மங்கினாலோ, மூளை சற்றுச் சாய்ந்தாலோ பச்சையும் சிவப்பும் ஒரே திசையில்தான் மாறும். ஆகவே ஒரு புள்ளி ‘செயல்படுகிறது’ என்று மென்பொருள் வண்ணம் பூசினால், முதலில் இரண்டு நிறத்தின் வரைகோடுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கினால் அதை நம்பாதீர்கள்.

தூண்டல் தொடங்கிய முதல் ஓரிரு விநாடியில் சிவப்பு ஒளியிலும் சிறிது இருள்வதுண்டு. ரத்தம் வந்து சேருமுன் அணுக்கள் உள்ளூர் ஆக்சிஜனைச் செலவழிப்பதன் அடையாளம் அது என்று பலர் சொல்கிறார்கள். இடத்தை மிகத் துல்லியமாகக் காட்டுவது அதுதான் என்றும் ஒரு கருத்து உண்டு. விலங்குகளில்கூட அது எப்போதும் கிடைப்பதில்லை. அறுவை அறையின் இரைச்சலுக்கு நடுவே அதை நம்பித் திட்டம் போட வேண்டாம் என்பது என் கருத்து.

மாற்றம் எவ்வளவு பெரியது? பச்சையில் ஒன்றிரண்டு சதவீதம் வரை போகலாம். சிவப்பில் பெரும்பாலும் ஒரு சதவீதத்துக்கும் கீழே. கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. இதைக் கேட்டதும் பலரும் விலையுயர்ந்த, குளிரூட்டப்பட்ட கேமரா வேண்டும் என்று நினைக்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு நல்ல தொழிற்சாலைக் கேமராவின் ஒரு பிக்சல் நிரம்ப ஏறக்குறைய 10,000 எலெக்ட்ரான் பிடிக்கும் என்று கொள்வோம். ஒளித் துகள்களின் இயல்பான ஏற்ற இறக்கம் அதன் வர்க்கமூலம், அதாவது 100. அது ஒரு சதவீதம். நாம் தேடும் மாற்றமும் அதே அளவு அல்லது அதைவிடச் சிறியது. ஒரே ஃபிரேமில், ஒரே பிக்சலில் எதுவும் தெரியாது. ஆனால் நான்குக்கு நான்கு பிக்சலைச் சேர்த்தால் 16 பிக்சல். இரைச்சல் கால் சதவீதமாகிறது. விநாடிக்கு 20 ஃபிரேம், பத்து விநாடி சராசரி என்றால் 200 ஃபிரேம், இரைச்சல் 0.02 சதவீதத்துக்கும் கீழே போய்விடும். ஒளியைப் பொறுத்தவரை அது போதும். அதனால்தான் லியோன் குழுவால் மைக்ரோஸ்கோப்பின் வெள்ளை விளக்கையும் ஒரு வண்ணக் கேமராவையும் கொண்டே வேலையைச் செய்ய முடிந்தது. மிச்சமிருக்கும் தொந்தரவு கேமராவிலிருந்து வருவதில்லை. இதயத்துடிப்பிலிருந்தும் மூச்சிலிருந்தும் வருகிறது. அது எத்தனை பிக்சலைக் கூட்டினாலும் குறையாது, ஏனென்றால் எல்லாப் பிக்சலும் சேர்ந்தே துடிக்கின்றன.

கேமராவில் உண்மையில் பார்க்க வேண்டியவை வேறு. 8 பிட் பதிவில் 256 படிகள்தான். ஒரு படியே 0.4 சதவீதம். 12 பிட் என்றால் 4,096 படி, ஒரு படி 0.024 சதவீதம். 12 பிட்டுக்குக் குறையாமல், சுருக்காத மூலப் பதிவாக எடுங்கள். மைக்ரோஸ்கோப்போடு வரும் ரெக்கார்டரின் வீடியோ கோப்பு பெரும்பாலும் உதவாது. வீடியோ சுருக்கமுறை ‘கண்ணுக்குத் தெரியாத’ மாற்றங்களை முதலில் தூக்கியெறியும். நமக்கு வேண்டியது அதேதான். தானியங்கி வெளிச்சம், தானியங்கி வெள்ளைச் சமநிலை, காமா திருத்தம் மூன்றையும் அணைத்துவிடுங்கள். முதல் இரண்டில் ஒன்று ஓடிக்கொண்டிருந்தாலும், புறணி இருளும்போது கேமரா அதை ஈடுகட்டி அழித்துவிடும்; காமா திருத்தம் மாற்றத்தின் அளவைத் திரித்துவிடும். வெளிச்சத்தைப் படத்தின் பெரும்பகுதி முக்கால் அளவு நிரம்பும்படி வையுங்கள். முழுக்க நிரம்பி வெளுத்துப்போன பிக்சலில் தகவல் ஏதும் இருக்காது.

விளக்கைப் பற்றி: செனான் விளக்கில் மின்பொறி மெல்ல இடம் மாறுவதால் வெளிச்சம் அலையும். எல்இடியில் அலைவு குறைவு; ஆனால் துடிப்பு முறையில் மங்கலாக்கப்படும் எல்இடி கேமராவோடு மோதிப் பட்டை பட்டையாகத் தெரியும். இதைத் திருத்த, படத்தின் மொத்தச் சராசரியால் ஒவ்வொரு ஃபிரேமையும் வகுப்பது பலர் செய்வது. அதில் ஓர் ஆபத்து உண்டு. உண்மையிலேயே பெரிய பகுதி இருண்டால் சராசரியும் இறங்கும். வகுத்த பிறகு சும்மா இருக்கும் இடமெல்லாம் வெளிறியதுபோல் காட்டும். அதைவிட, மண்டையோட்டின் ஓரத்தில் ஒரு சிறு கிருமிநீக்கிய வெள்ளைத் துண்டைப் படத்துக்குள் விழும்படி வைத்து, அதை அளவுகோலாகக் கொள்வது நேர்மையானது. அறையின் மேல்விளக்குகளை முழுவதும் அணைத்துவிட வேண்டும்.

இனி தூண்டல். மயக்கத்தில் இருக்கும் நோயாளிக்கு மணிக்கட்டு வழியே கைக்குச் செல்லும் மீடியன் நரம்பைத் தூண்டுவதுதான் வழக்கம்: சுமார் 0.2 மில்லிவிநாடி அகலத் துடிப்பு, விநாடிக்குச் சில முறை, கட்டைவிரல் லேசாகத் துடிக்கும் அளவுக்குச் சற்று மேல். டிரெஸ்டன் குழுவின் முறை எளிமையானது: 30 விநாடி தூண்டல், 30 விநாடி ஓய்வு, இப்படி ஒன்பது சுற்று, மொத்தம் ஒன்பது நிமிடம். நிமிடத்துக்கு ஒரு முறை ஏறி இறங்கும் பிக்சல்களைத் தேடினால் போதும். இதயம் நிமிடத்துக்கு அறுபது எழுபது, மூச்சுக் கருவி பன்னிரண்டு பதினைந்து, ரத்தக்குழாய்கள் தாமாகச் சுருங்கி விரியும் அலை ஆறு. எல்லாமே நம் நிமிடத்துக்கு ஒன்றைவிட வேகமானவை, எனவே பிரித்துவிடலாம்.

பிரிக்க முடியாமல் போகும் ஒரு சூழ்நிலையைக் கவனியுங்கள். கோப்பு சிறியதாக இருக்கட்டும் என்று விநாடிக்கு ஒரே ஃபிரேம் எடுக்கிறீர்கள். நோயாளியின் இதயம் நிமிடத்துக்கு 61 முறை துடிக்கிறது. ஒவ்வொரு ஃபிரேமும் துடிப்பின் சற்றே தள்ளிய கட்டத்தைப் பிடிக்கும். 60 ஃபிரேம் கழித்துச் சுற்றி வந்து அதே கட்டத்தில் நிற்கும். அதாவது இதயத்துடிப்பு உங்கள் பதிவில் நிமிடத்துக்கு ஒரு முறை ஏறி இறங்கும் அலையாக வேடம் போடும். நீங்கள் தேடுவதும் அதையேதான். தமனிகள் எல்லாம் ‘செயல்படும் பகுதி’யாக ஒளிரும். தீர்வு எளிது: விநாடிக்குப் பத்து, இருபது ஃபிரேம் எடுங்கள், முதலில் துடிப்பை வடிகட்டுங்கள், பிறகு கோப்பைச் சுருக்குங்கள். வரிசை மாறக்கூடாது.

மூச்சுக் கருவியிலும் இதன் தம்பி ஒன்று இருக்கிறது. நிமிடத்துக்குச் சரியாக 12 மூச்சு என்றால், 60 விநாடிச் சுற்று ஒவ்வொன்றும் மூச்சின் ஒரே கட்டத்தில் தொடங்கும். சுற்றுகளை அடுக்கிச் சராசரி எடுத்தால் மூச்சு அலை கரையாமல் அப்படியே நிற்கும். ஓய்வு நேரத்தை 27, 32, 29 விநாடி என்று மாற்றி மாற்றி வைத்தால் அது கரைந்துவிடும்.

பதிவுக்கு முன் களத்தைத் தயார் செய்வதில்தான் பாதி வெற்றி. மூளையைப் போர்த்தியிருக்கும் டியூரா என்ற உறையைத் திறந்து ஓரங்களில் ரத்தக் கசிவை முழுக்க நிறுத்துங்கள். ஓரத்திலிருந்து ஒரு சொட்டு ரத்தம் புறணிமேல் வழிந்தால், அந்த மாற்றம் நாம் தேடுவதைவிடப் பல பத்து மடங்கு பெரியது. அந்த இடம் அன்றைக்குப் போயிற்று. ஓரங்களில் ஈரப் பஞ்சுத் துண்டுகளை அடுக்குங்கள். உடல் வெப்பத்தில் உள்ள செலைனால் கழுவி, தேங்கியதை உறிஞ்சிவிட்டு, ஒரு நிமிடம் காத்திருந்து தொடங்குங்கள். குளிர்ந்த செலைன் குழாய்களைச் சுருக்கிவிடும். ஒன்பது நிமிடம் கழுவாமல் இருந்தால் மேற்பரப்பு காய்ந்து பளபளப்பு மாறும். வெளிச்சத்தைத் தேவைக்கு மேல் ஏற்றினால் இன்னும் விரைவாகக் காயும். இந்த மெதுவான சரிவைக் கணக்கில் கழித்துவிடலாம். நடுவில் யாராவது செலைன் ஊற்றினால் கழிக்க முடியாது. அந்தச் சுற்றை நீக்கிவிடுங்கள். மைக்ரோஸ்கோப்பின் கையைப் பூட்டிவிடுங்கள். மேசையில் யாரும் சாயக்கூடாது. அறுவைக் குழு ஒன்பது நிமிடம் கைகட்டி நிற்க வேண்டும் என்பதை முன்கூட்டியே பேசி ஒப்புக்கொள்ள வைப்பது நல்லது.

அடுத்தது அசைவு. ஐந்து சென்டிமீட்டர் களத்தை 1,000 பிக்சலில் பிடித்தால் ஒரு பிக்சல் 50 மைக்ரோமீட்டர். திறந்த மூளை துடிப்புக்கு அரை மில்லிமீட்டர் நகர்ந்தாலே பத்துப் பிக்சல். ஒரு குழாயின் விளிம்பில் நான்கு பிக்சலுக்குள் ஒளி 40 சதவீதம் மாறுகிறது என்று வைத்தால், பிக்சலுக்கு 10 சதவீதம். பத்தில் ஒரு பங்கு பிக்சல் நகர்ந்தாலே ஒரு சதவீதப் பொய் மாற்றம். ஆகவே படங்களை ஒன்றின்மேல் ஒன்று பொருத்தும் வேலை பிக்சலின் பின்னங்கள் வரை சரியாக இருக்க வேண்டும். மூளை மொத்தமாக நகர்வதில்லை. நடுவில் அதிகம் எழும், ஓரத்தில் குறைவாக எழும். வெறும் இட வல நகர்த்தல் போதாது, இடத்துக்கு இடம் வேறுபடும் திருத்தம் வேண்டும். அதற்கு வழிகாட்டும் அடையாளங்களாக ரத்தக்குழாய்களின் கிளைகளே போதும். சில குழுக்கள் மெல்லிய கிருமிநீக்கிய கண்ணாடியை மேலே வைத்து மூளையை அமைதிப்படுத்தினார்கள். இதயத்துடிப்போடும் மூச்சோடும் ஒத்திசைத்துப் படமெடுத்தவர்களும் உண்டு. கண்ணாடியை அழுத்தினால் குழாய்கள் நசுங்கி சமிக்ஞையே செத்துவிடும். படும் படாமலும் வைக்கத் தெரிந்தவர் கை வேண்டும்.

ஈரப் பரப்பில் விளக்கு பளிச்சிடுவது இன்னொரு தொந்தரவு. அந்தப் பளிச்சிடல் மூளைக்குள் போகாமல் மேலேயே திரும்பிய ஒளி. அதில் ரத்தத்தைப் பற்றிய செய்தி எதுவும் கிடையாது. மூளை துடிக்கும்போது அந்த வெள்ளைப் பொட்டுகள் இங்கும் அங்கும் தாவும். விளக்கின் முன் ஒரே தளத்தில் அதிரும் ஒளியை மட்டும் விடும் ஒரு போலரைசரும், கேமராவின் முன் அதற்குச் செங்குத்தாகத் திருப்பிய இன்னொன்றும் வைத்தால் பெரும்பாலும் மறைந்துவிடும். வெளிச்சம் பாதிக்கு மேல் போய்விடும்; இருந்தாலும் இந்தப் பேரம் லாபமானதே.

கைக்கான இடம் சரியாகக் கிடைத்தது என்று நினைத்து மிக எளிதாக ஏமாறுவது நாளங்களில், அதாவது ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் சிரைகளில்தான். செயல்படும் பகுதியிலிருந்து வடியும் ரத்தம் வழக்கத்தைவிட ஆக்சிஜன் நிறைந்தது. அது மேற்பரப்பு நாளத்தில் ஏறி, மூளை மடிப்பின் ஒரு மேட்டைத் தாண்டி, பள்ளத்தைக் கடந்து அடுத்த மேட்டின்மேல் போகும். சிவப்பு ஒளியில் அந்த நாளம் முழுக்க அழகாக ஒளிரும், அதுவும் உண்மையான இடத்தைவிட வலுவாக. நீளமாக, குழாயின் வடிவிலேயே இருக்கும் எந்தப் பொட்டையும் சந்தேகியுங்கள். பெரிய குழாய்களை முகமூடியிட்டு விலக்கிவிட்டு, இடையில் இருக்கும் புறணியில் மட்டும் கணக்கிடுங்கள். தூண்டலின் முதல் சில விநாடிகளில் நாளத்துக்கு ரத்தம் வடிந்து சேர்ந்திருக்காது. அந்த நேரத்து வரைபடம் 30 விநாடிச் சராசரியைவிட இடத்தை நெருக்கமாகக் காட்டும். இரைச்சல் சற்றுக் கூடும், அவ்வளவுதான்.

ஆக்சிஜன் ஏறியது எவ்வளவு, இறங்கியது எவ்வளவு என்று தனித்தனியாகக் கணக்கிட இரண்டு நிறமாவது வேண்டும். தெரியாதவை இரண்டு என்பதால். இதற்கு, ஒளி எவ்வளவு உறிஞ்சப்பட்டது என்பதிலிருந்து பொருளின் அளவைச் சொல்லும் பீர்–லாம்பெர்ட் விதியின் திருத்திய வடிவத்தைப் பயன்படுத்துகிறார்கள். அதில் தவறு நேரும் இடம், ஒளி திசுவுக்குள் எவ்வளவு தூரம் அலைந்து திரும்புகிறது என்ற எண். பச்சை ஒளி ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக அலைந்து திரும்பிவிடும். சிவப்பு அதைப்போலப் பல மடங்கு. இரண்டுக்கும் ஒரே தூரத்தைப் போட்டால், ரத்த அளவின் மாற்றம் ஆக்சிஜனின் மாற்றமாகக் கசிந்து தெரியும். வண்ணக் கேமராவில் ஒவ்வொரு வழியும் அகன்ற பட்டையைப் பிடிப்பதால் விளக்கின் நிறமாலை, கேமராவின் உணர்திறன், ஒளித்தூரம் மூன்றையும் ஒவ்வொரு அலைநீளத்திலும் பெருக்கிக் கூட்ட வேண்டும். லியோன் குழு இந்தத் தூரங்களைக் கணினி ஒப்புருவாக்கத்தால் பெற்றது.

புள்ளியியலில் ஒரே எச்சரிக்கை. பத்து லட்சம் பிக்சலில் நூற்றுக்கு ஐந்து என்ற வழக்கமான வரம்பை வைத்தால், ஒன்றுமே நடக்காதபோதும் 50,000 பிக்சல் ‘செயல்படும்’. வரம்பை அதற்கேற்ப இறுக்குங்கள். அதைவிட மேலான சோதனை: தூண்டல் கருவியை அணைத்துவிட்டு அதே முறையில் சில நிமிடம் பதிவுசெய்து, அதே மென்பொருளில் ஓட்டுங்கள். வரைபடம் வெறுமையாக வர வேண்டும். அதில் பொட்டுகள் வந்தால் முதல் வரைபடத்தையும் அறுவை மருத்துவரிடம் காட்டாதீர்கள்.

சரி, கையைத் தூண்டினால் எங்கே தெரிய வேண்டும்? இயக்கத்துக்கான பகுதியையும் தொடுவுணர்வுக்கான பகுதியையும் பிரிக்கும் மைய வரிப்பள்ளத்துக்குப் பின்னால் உள்ள மேட்டில். ஆனால் தொடுவுணர்வை முதலில் வாங்கும் 3பி என்ற பகுதி பள்ளத்தின் சுவரில் உள்ளே புதைந்திருக்கிறது. கேமராவுக்கு அது எட்டாது. மேலே தெரிவது மேட்டின் உச்சியில் இருக்கும் அடுத்தடுத்த பகுதிகள். எனவே ஒளிரும் பொட்டின் முன்விளிம்பையே பள்ளம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. காலுக்கான இடம் இரு அரைக்கோளங்களுக்கு இடையே உள்பக்கச் சுவரில் இருப்பதால் அதுவும் தெரியாது. ஒளி இறங்குவது புறணியின் மேலடுக்கு வரைதான். கட்டியை எடுக்கும்போது பெரிய சேதம் நேரக்கூடிய ஆழத்து நரம்புப் பாதைகளைப் பற்றிக் கேமராவால் ஒன்றும் சொல்ல முடியாது.

மயக்க மருந்து ஒரு தனிக் கவலை. ஆவியாகும் மயக்க மருந்துகள் குழாய்களை ஏற்கெனவே விரித்துவைத்துவிடும். விரிந்த குழாய் மேலும் விரிய இடமிருக்காது. நரம்பு சமிக்ஞையும் மங்கும். நாளத்தில் செலுத்தும் புரோபோஃபால், ரெமிஃபென்டனில் கலவையே இதற்குப் பொருத்தம். ரத்தத்தில் கரியமில வாயு ஏறினாலும் அதே கதி. பதிவு முடியும்வரை அதையும் ரத்த அழுத்தத்தையும் ஒரே நிலையில் வைத்திருக்கும்படி மயக்கவியல் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நடுவில் அழுத்தத்தை ஏற்ற மருந்து கொடுத்தால் அந்த நேரத்தைக் குறித்துவைக்கச் சொல்லுங்கள்.

கட்டியின் ஓரம் இதைவிடச் சிக்கல். கிளையோமா என்ற வகை மூளைக் கட்டியின் குழாய்கள் ஒழுங்கற்றவை. நரம்பு கூப்பிட்டாலும் சரியாகப் பதிலளிக்காது. அங்கே நரம்பணுக்கள் உயிரோடு வேலை செய்துகொண்டிருக்கலாம், கேமராவில் மட்டும் இருட்டாக இருக்கலாம். வெட்டலாமா கூடாதா என்ற கேள்வி எழுவதே அந்த ஓரத்தில்தான். ஆகவே ‘ஒளிரவில்லை, எனவே காலி’ என்ற முடிவுக்கு ஒருபோதும் வரக்கூடாது.

பேச்சுக்கு நோயாளி விழித்திருக்க வேண்டும்: படம் காட்டிப் பெயர் சொல்லச் சொல்வது, 30 விநாடி வேலை, 30 விநாடி ஓய்வு. தாடை அசைந்தால் தலையும் மூளையும் அசையும். அதுவும் வேலை நேரத்தில் மட்டும் அசையும். வேலையோடு சேர்ந்து வரும் அசைவை எந்தச் சராசரியாலும் பிரிக்க முடியாது. வாய்விட்டுச் சொல்லாமல் மனத்துக்குள் சொல்லச் சொல்வது ஒரு வழி. ஆனால் அப்போது சொன்னாரா இல்லையா என்று தெரியாது. அசைவைத் திருத்தும் மென்பொருளை உண்மையாகச் சோதிப்பது இந்தப் பணிதான்.

இப்போது மின்தூண்டலோடு ஒப்பிடலாம். மூளை அறுவை மருத்துவர் பென்ஃபீல்டின் காலத்திலிருந்து வரும் அந்த முறையில், ஐந்து மில்லிமீட்டர் இடைவெளியில் இரண்டு முனை கொண்ட எலெக்ட்ரோடால் 60 ஹெர்ட்ஸ், ஒரு மில்லிவிநாடித் துடிப்பு, சில மில்லிஆம்பியர், மூன்று நான்கு விநாடி. பேசிக்கொண்டிருப்பவர் தடைபட்டால், அந்த இடம் இல்லாமல் பேச்சு நடக்காது என்று பொருள். ஒவ்வொரு இடத்தையும் குறைந்தது மூன்று முறை, அடுத்தடுத்து இல்லாமல், சோதிப்பது வழக்கம். கேமரா சொல்வது வேறு: இந்த வேலை நடக்கும்போது இந்த இடமும் கலந்துகொள்கிறது, அவ்வளவே. கலந்துகொள்ளும் இடங்கள் நிறைய, இன்றியமையாதவை கொஞ்சம். 1989-இல் ஓஜ்மன் குழு 117 நோயாளிகளில் மின்தூண்டலால் பார்த்தபோது, பேச்சுக்கு இன்றியமையாத இடங்கள் பலருக்கு ஒன்றிரண்டு சதுர சென்டிமீட்டர் அளவுதான். ஆளுக்கு ஆள் இடமும் மாறியது. கேமராவின் வண்ண வரைபடத்தை அப்படியே நம்பினால், எடுக்கக்கூடிய கட்டியை விட்டுவைக்கவும் நேரும், இருட்டாகத் தெரிந்த தேவையான இடத்தை எடுத்துவிடவும் நேரும்.

ஆனால் மின்தூண்டலுக்கும் விலை உண்டு. புள்ளி புள்ளியாகத் தேட நேரமாகும். வலிப்பு வரலாம், வந்தால் உடனே குளிர்ந்த ரிங்கர் என்ற உப்புத் திரவம் ஊற்றி நிறுத்த வேண்டும். கேமரா எதையும் தொடுவதில்லை, முழுக் களத்தையும் ஒரே நேரத்தில் பார்க்கிறது, வலிப்பைத் தூண்டுவதில்லை. அறுவைக்கு முன் எடுத்த ஸ்கேன், டியூராவைத் திறந்ததும் மூளை தாழ்ந்து ஒரு சென்டிமீட்டர் வரைகூட விலகிப்போகலாம்; கேமரா பார்ப்பது கண்முன் இருக்கும் மூளையை.

அதனால் நான் பரிந்துரைக்கும் வரிசை: ஸ்கேனை, மூளையில் இடம் காட்டும் நேவிகேஷன் கருவியில் ஏற்றித் திறப்பது, டியூரா திறந்ததும் ஒன்பது நிமிடம் கேமரா, அது காட்டிய மேட்டுக்குக் குறுக்கே எலெக்ட்ரோடுப் பட்டையை வைத்து, மணிக்கட்டுத் தூண்டலுக்கு வரும் அலை பள்ளத்தின் இருபுறமும் தலைகீழாகிறதா என்று சரிபார்ப்பது, பிறகு மின்தூண்டல், கேமரா காட்டிய இடத்திலிருந்து தொடங்கிக் கட்டியின் ஓரத்தை நோக்கி, ஆழத்தில் இறங்கும்போது மின்தூண்டல் மட்டுமே. கேமராவும் மின்தூண்டலும் முரண்பட்டால் மின்தூண்டலின் சொல்லையே ஏற்க வேண்டும்.

5-ஏஎல்ஏ என்ற மருந்தைக் குடிக்கக் கொடுத்து நீல ஒளியில் கட்டியைச் சிவப்பாக ஒளிரவைப்பதும், இண்டோசயனின் பச்சைச் சாயம் செலுத்திக் குழாய்களைப் பார்ப்பதும் இதோடு சேர்ந்தவை அல்ல. முதலாவது கட்டி எது என்று சொல்லும், இரண்டாவது ரத்தம் ஓடுகிறதா என்று சொல்லும். மூளையின் எந்த இடம் என்ன செய்கிறது என்று இரண்டும் சொல்லாது.

கருவியை அறுவை அறைக்குள் கொண்டுபோகுமுன் ஒரு சோதனையைக் கட்டாயம் செய்துவிடுங்கள். உடல்நலமுள்ள ஒருவரின் உள்ளங்கையை அதே விளக்கு, அதே போலரைசர், அதே ஃபிரேம் வேகத்தில் படமெடுங்கள். ஒரு நிமிடம் சும்மா விட்டு, மேல்கையில் ரத்த அழுத்தப் பட்டையை அவரது மேல் அழுத்தத்தைவிட நன்றாக ஏற்றி இரண்டு நிமிடம் வைத்து, சட்டென்று விடுங்கள். பட்டை இறுகியிருக்கும்போது உங்கள் மென்பொருளில் ஆக்சிஜன் இறக்கிய ஹீமோகுளோபின் ஏறிக்கொண்டே போக வேண்டும், ஆக்சிஜன் ஏற்றியது இறங்க வேண்டும், மொத்தம் பெரிதாக மாறக்கூடாது. விட்ட சில விநாடியில் கோடுகள் திரும்பி, மொத்தம் பழைய அளவையும் தாண்டி மேலே போய், ஓரிரு நிமிடத்தில் இறங்க வேண்டும். இறுகிய நேரத்தில் இரண்டு கோடுகளும் ஒரே திசையில் போனால் ஒளித்தூரமோ நிறமாலைக் கணக்கோ தவறு. கோடுகள் வழுவழுப்பாக இல்லாமல் படிக்கட்டுபோல் தாவித் தாவி ஏறினால் பிட் போதவில்லை. பட்டை ஏறும் முன்பே சரிந்தால் விளக்கு இன்னும் சூடேறி நிலைக்கவில்லை, அரை மணி முன்னதாகவே எரியவிட வேண்டும்.